மாமனார் கொடுத்த பலகை

என் மாமனார் என்னிடம் அன்பாகப் பேசியது ஒரே ஒரு முறைதான். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கிட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் மனைவியோடு உழவர்கரையில் அவள் அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். வீட்டை ஒட்டி அவருடைய தச்சுப்பட்டறை. கட்டில், பீரோ, மாதா கோயில்காரர்கள் யாராவது செத்தால் சவப்பெட்டி. பட்டறைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "நம்ம மாப்ள. வேலைக்கு எப்படியோ, சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வந்துடுவாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மானங்கெட்டுப்போய் நானும் சிரிப்பேன்.

கடற்கரை ஹோட்டலில் கிட்டார் வாசிக்கும் ஒருவன் எனக்குப் பழைய பழக்கம். தன் கைக்குத் தகுந்த மாதிரி ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்து தரச் சொன்னான். நன்றாக வந்தால் கூட வாசிக்கிறவர்களும் கேட்பார்கள் என்றான். மூலக்குளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்தேன். கீழே பட்டறை, மாடியில் நாங்கள் இருவரும். இந்த ஒரு கிட்டார் நன்றாக அமைந்துவிட்டால் போதும், அவர் வீட்டுச் சோறு வேண்டாம். இந்தத் திட்டத்தை ஒரு நாள் சாப்பாட்டின்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

மாமனார் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் தேக்குப் பலகை ஒன்றைத் தானே தோளில் சுமந்து வந்து என் முன்னால் வைத்தார்.

"அஞ்சு வருஷம் காஞ்சது, மாப்ள. உங்களுக்குன்னுதான் எடுத்தேன்."

"மெர்சி, மாமா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன். மனைவி வந்து பலகைமேல் உள்ளங்கையை வைத்தாள். மரத்தூளில் தவழ்ந்து வளர்ந்தவள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குக் கம்பி தெரியும், மரம் தெரியாது. கிட்டாரின் கழுத்தைச் செதுக்கும்போது சீவல் ஈரமாக விரலில் ஒட்டியது. கேட்டேன். "நல்ல தேக்குல எண்ணெ இருக்கும் மாப்ள" என்றார். நம்பினேன். உடம்பை அறுத்து, தேய்த்து, ஃபேன் காயிலுக்குச் சுற்றும் செப்புக்கம்பியால், ஒலியை வாங்கும் பிக்கப்பையும் நானே சுற்றினேன். கழுத்தில் குறுக்கே ஃப்ரெட் கம்பிகளை அடித்து, முனை கையில் உறுத்தாதபடி ஒவ்வொன்றாக அரத்தால் ராவினேன். மாசியில் ஹோட்டலில் வாசிக்கிறவன் வந்து வாசித்துப் பார்த்து, திருப்தியாக வாங்கிப் போனான். நான் உருப்படியாகச் செய்த முதல் பொருள் அதுதான் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும் மரம் உள்ளே வைத்திருந்த ஈரத்தைக் கக்கிவிட்டுச் சுருங்கியது. மரம் சுருங்கும், கம்பி சுருங்குமா? ஃப்ரெட் முனைகள் கழுத்தின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டன. ஹோட்டலில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை வேகமாகச் சறுக்கி, விரலோரம் கிழிந்துவிட்டது. மறுநாள் கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்கு வந்து கிட்டாரை மேசையில் போட்டான்.

"செய்யத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

மாமனார் எழுந்து வந்தார். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அது முறுக்கிக்கொண்டு கிடந்தது. "பச்ச மரமாச்சே மாப்ள! இதுல போயி யாராவது செய்வாங்களா?" என்றார். பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். கை கிழிந்தவனும் சிரித்தான்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தொட்டப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நாம போயிட்டா அப்பா தனியா என்னங்க பண்ணுவாரு?"

மூலக்குளம் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

போன ஐப்பசி மழையில் மாமனார் மாரடைப்பில் போனார். பழைய பிரெஞ்சுக்கார வீடு ஒன்றை இடித்தபோது வாங்கிய பர்மா தேக்குக் கதவுகளை அறுத்து, தன் பெட்டிக்கென்று பரணில் வைத்திருந்தார். "என்னைய இதுலதான் வச்சு எடுத்துட்டுப் போவணும்" என்று எங்கள் இருவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதற்கு நான் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

பெட்டியை நான்தான் அடித்தேன். மரம், மரவாடியில் அப்போதுதான் அறுத்துப் போட்டிருந்த பச்சை வாகை. வெளியே துணி ஒட்டிச் சிலுவை வைத்ததும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோயிலுக்குத் தூக்கிப்போனவர்கள் பாதி வழியில் தோள் மாற்றினார்கள். பெரியவர் நல்ல கனம் என்றார்கள்.

கோயிலில் மூடி போடும் முன் மனைவி அப்பாவுக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தாள். துணி படாத உள்விளிம்பில் அவள் உள்ளங்கை பதிந்தது. கை அங்கேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு வருஷம் காஞ்சது" என்றேன்.

சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பரணில் இருந்த தேக்கில் எனக்கு ஒரு கிட்டார் செய்துகொண்டேன். இந்தக் கத்திரியிலும் கழுத்து இம்மி பிசகவில்லை. கூடத்துச் சுவரில், அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மனைவி தினமும் படத்தைத் துடைக்கிறாள். கிட்டாரை அவள் தொடுவதே இல்லை.