வியாழக்கிழமைச் சட்டை

என் மகளுக்காக ஒரு ஃபிராக்கைக் கைபேசியில் பார்த்து, கூடையில் போட்டு, எடுத்து, மறுபடியும் போட்டு, சில நாட்களாக இதே வேலையாக இருக்கிறேன். ஏற்கெனவே இருப்பவை அலமாரிக்குள் மூச்சுத் திணறுகின்றன. வாங்கினால் பொறுப்பற்ற அம்மா, வாங்காவிட்டால் கஞ்ச அம்மா. இப்படி நிற்கும்போதெல்லாம் அப்பாவின் வியாழக்கிழமைச் சட்டை ஞாபகத்துக்கு வரும். அதனால் ஒருநாளும் நான் முடிவுக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது செம்பூரில் ஒரு காலனியில் இருந்தோம். நான் இரண்டாம் வகுப்பு. அப்பாவிடம் ஆபீஸுக்கு ஐந்து சட்டைகள், நாளுக்கு ஒன்று. ஆறாவது சட்டை அவரைப் பொறுத்தவரை ஆடம்பரம். காலர் நைந்தாலும் சட்டையைக் கழிக்க மாட்டார். தையல்காரரிடம் கொடுத்துக் காலரைப் பிரித்து, திருப்பித் தைத்து வாங்கி வருவார். உள்பக்கம் வெளியே வந்ததும் சட்டை புதிதாகிவிட்டது என்று நம்புவார். கடையில் எது பிடித்தாலும் அன்றைக்கே வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிந்த பிறகும் அது மனதில் நின்றால்தான் வாங்கலாம். இது எங்கள் வீட்டுச் சட்டம். என் மனதில் எல்லாமே நின்றன. ஆனால் என் மனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதில் அம்மா அப்பாவையும் விடக் கறார். கடைக்காரர் பிரித்துப் போடும் சேலைகளை, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்ப்பதுபோலப் பரிவோடு பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அவளுடைய பலவீனம் வேறிடத்தில் இருந்தது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பாத்திரக்காரி, தலையில் கூடையோடு காலனிக்குள் குரல் கொடுத்தால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது.

அன்று கூடையில் மூடி போட்ட ஒரு தூக்கு இருந்தது. அம்மா என் பழைய ஃபிராக்குகளையும் ஒரு போர்வையையும் கொண்டுவந்து வைத்தாள். பாத்திரக்காரி ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடினாள். போதாது என்று தூக்கைத் திரும்பக் கூடைக்குள் வைத்தாள். “சாப்கா ஏக் ஷர்ட் டாலோ, பாபி” என்று அப்பாவின் சட்டை ஒன்றையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே கிளம்ப ஆயத்தமானாள். கூடை தரையைவிட்டு எழும்புவதற்குள், இஸ்திரிக்குக் காத்திருந்த துணிகளிலிருந்து நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று வந்து குவியலில் விழுந்துவிட்டது. அது அப்பாவின் வியாழக்கிழமைச் சட்டை. அதன் காலரைத் திருப்பித் தைத்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. சத்தம் போடவில்லை. “அதுக்கு இன்னும் நாலு வருஷம் ஆயுசு இருந்துதே” என்று மட்டும், யாரோ தவறிப்போனதைப்போலச் சொன்னார். புதன்கிழமைச் சட்டையையே அன்றும் போட்டுக்கொண்டு போனார். அம்மா சில நாள் அந்தத் தூக்கை வெளியிலேயே எடுக்கவில்லை.

அதன் பிறகு அப்பா ஞாயிறுதோறும் மாட்டுங்காவில் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு சட்டை பார்க்கப் போனார். ஒரு வாரம் கழித்தும் அவர் மனதில் நின்றது பழைய நீலக் கட்டம்தான். “சார், நீங்க பாத்துட்டுப் போன சட்டையெல்லாம் வித்துப் போச்சு. நீங்கதான் இன்னும் வந்துக்கிட்டே இருக்கீங்க” என்றார் கடைக்காரர்.

அப்படி ஒரு ஞாயிறு, வெறுங்கையோடு ரயிலேறினோம். சயானில் ஓர் இளைஞர் ஏறிக் கதவருகே நின்றார். கையில் இனிப்புப் பெட்டி. உடம்பில் நீலக் கட்டச் சட்டை. இரண்டாவது பட்டன் மெரூன் நூலால் தைக்கப்பட்டிருந்தது. அது என் பள்ளி யூனிஃபார்முக்கான நூல். வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு காலையில் அம்மா அவசரமாகத் தைத்தது.

அப்பாவும் பார்த்துவிட்டார். குர்லாவில் இறங்கி அந்த இளைஞர் பாலம் ஏற, அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அவர் இறங்க, நாங்களும் இறங்கினோம். இளைஞர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். செம்பூர் வண்டிக்கான பிளாட்பாரத்தில் அப்பா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று காலரைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் சட்டென்று திரும்பினார்.

“என்ன அண்ணாச்சி, சயான்லருந்து பாக்கேன். எம் பின்னாலயே வாரிய?”

சட்டை நன்றாக இருக்கிறது, எங்கே எடுத்தது என்று அப்பா ஒருவழியாகக் கேட்டார். இளைஞர் கொஞ்சம் கூச்சப்பட்டார். தாராவியில் தோல் பை தைக்கிறாராம். பழந்துணி விற்கிற இடத்தில் அவருடைய அம்மா நாள் முழுக்கத் தேடிப் பொறுக்கி எடுத்ததாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“செம்பூருக்குப் பொண்ணு பாக்கப் போறேன். வீட்ல எல்லாரும் முன்னாலயே போயிட்டாவ. பழசுன்னு தெரியுதா அண்ணாச்சி?”

“அப்பா, இது நம்ம...” என்று நான் ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

அவர் அந்தச் சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கை நீட்டி, மடங்கியிருந்த காலர் நுனியை நேராக்கினார்.

“தெரியலை. நாலு வருஷம் தாராளமா உழைக்கும். வெந்நீர்ல மட்டும் போட்டுடாதீங்க.”

அதோடு விட்டாரா என்றால் இல்லை. செம்பூர் வரும்வரை சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைப்பது, நிழலில் உலர்த்துவது, காலரில் பிரஷ் போடாமலிருப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெண் பார்க்கப் போகிறவர் அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“அண்ணாச்சிக்கு ஜவுளிக் கடையா?”

“இல்லை. சும்மா ஒரு பழக்கம்” என்றார் அப்பா.

இளைஞர் ஏறிய ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்தார். பிறகு ஸ்டேஷன் வாசலில் ஒரு தள்ளுவண்டியிலிருந்து ஒரு பச்சைச் சட்டையை உருவி, போட்டுப் பார்க்காமல், ஒரு வாரமும் காத்திருக்காமல் வாங்கினார். அதன் கை அவர் விரல் நுனிவரை நீண்டது. இந்த நேரம் பார்த்து நான் ஒரு ஹேர் கிளிப் கேட்டேன். அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

“அது உங்க சட்டைதானேப்பா?” என்று வழியில் கேட்டேன்.

“அவர் சட்டைம்மா” என்றார்.

எனக்குப் பகீரென்றது. அப்பாவுக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினேன். வீட்டுக்குப் போனதும் சமையலறைக்குள் ஓடி, மெரூன் நூலிலிருந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லி, உடனே கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தாள். வேறென்ன சொன்னார் என்று கேட்டாள். பெண் பார்க்கப் போனதையும் வெந்நீர் விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா அந்தப் பச்சைச் சட்டையில் இருந்தார். அதைப் பற்றி அம்மா என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். ஆளுக்கு ஓர் அப்பளம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் அப்பாவின் தட்டில் இன்னொன்று வைத்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்காமல் உடைத்துச் சாப்பிட்டார்.

கண் தெரியாதவருக்கு எதற்கு இரண்டு அப்பளம் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கும் கண் தெரியவில்லை என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.