இனிக்கிற டிக்கெட்

நாக்கு நுனியில் விரலை ஒற்றி, அந்த ஈரத்தோடு டிக்கெட்டைப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டிக் கிழிக்கிறார் பிச்சைமுத்து. கிழித்ததைப் பயணியிடம் நீட்டிவிட்டு விரலைத் திரும்ப நாக்குக்குக் கொண்டுபோகிறார். அடுத்த டிக்கெட்டுக்காக என்றுதான் புதிதாக ஏறியவர்கள் நினைப்பார்கள். ஆனால் அடுத்து டிக்கெட் எடுக்க ஆளே இல்லை. வண்டியில் எல்லோரும் எடுத்தாயிற்று. விரல் மட்டும் நாக்கிலேயே நிற்கிறது. கண் பாதி செருகியிருக்கிறது.

போன மாசி வரைக்கும் எங்கள் வண்டியில் ஏறியவர்கள் இந்தக் காட்சியை இலவசமாகப் பார்த்திருப்பார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி போகிற கரி பஸ். நான் டிரைவர், அவர் கண்டக்டர். உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போன பிறகு, வண்டியின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, இனிமேல் இதிலேயே ஓட்டு என்று சொல்லிவிட்டார்கள். விடிகாலையில் காற்றாடியைச் சுற்றி அந்த அடுப்பை மூட்டுவது பிச்சைமுத்துவின் வேலை. முகத்தில் கரி, காக்கிச் சட்டையில் கரி, பல் மட்டும் வெள்ளை. மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும். உடனே குதித்து இறங்குவார். "எளவட்டமெல்லாம் எறங்கித் தள்ளுங்க. பெரியவங்க உக்காருங்க. புள்ளத்தாச்சி அசையாம இருங்க." தள்ளினவன் எவனாவது சார்ஜில் குறைத்துக்கொள்ளச் சொன்னால், "வண்டி தள்ளக் கத்துக் குடுத்ததுக்கு நான் ஒங்கிட்ட பீசு கேட்டனா?" என்பார்.

டிக்கெட் விஷயத்தில் படு கறார். பெற்ற தாய் ஏறினாலும் டிக்கெட் உண்டு. பேச்சுக்கே இடம் இல்லை. கல்யாணமாகிப் பெண்ணை அழைத்துவந்த அன்றைக்கு, கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த சொர்ணவல்லிக்கு, தன் கழுத்தில் மாலையோடு நின்று டிக்கெட் கிழித்தவர் அவர். அந்தப் பெண்ணும் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டது.

அப்படிப்பட்ட மனிதர் கொடுத்த டிக்கெட் இனிக்க ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு கையில் மூட்டை இருக்கும், இன்னொரு கையில் பிள்ளை இருக்கும். டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். கவ்வினவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். பிள்ளைகள் விழிக்கவில்லை, மென்று விழுங்கிவிட்டன. ஒருநாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி ஒரு பெண்ணிடம் டிக்கெட் எங்கே என்று கேட்டார்.

"புள்ள தின்னுருச்சுங்க."

"என்னம்மா, காது குத்துறியா?"

"வேணும்னா வாயப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். மை நாக்கில் ஒட்டியிருந்தது. நாக்கைத் திருப்பித் திருப்பி நம்பரைப் படிக்கப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இறங்கிப் போனார்.

காரணம் பிச்சைமுத்துவின் சட்டைப் பையில் இருந்தது. சின்ன சீசா. அதில் பொட்டுப் பொட்டாக வெள்ளை மாத்திரை. சாக்கரின்.

இனிப்பு என்றால் அவருக்கு உயிர். சண்டைக்கு முன்னால் கிளப்புக் கடையில் அவர் குடித்ததைக் காப்பி என்று சொல்ல முடியாது, சீனியில் கொஞ்சம் காப்பி ஊற்றியிருக்கும். சீனிக்கு ரேஷன் கார்டு வந்ததும் மனிதர் பெண் கொடுக்க மறுத்த வீட்டு மாப்பிள்ளை மாதிரி திரிந்தார். கருப்பட்டிக் காப்பியை நீட்டினால், "இது காப்பியாண்ணே? ஏர் ஓட்டுன வயல்ல மாடு கலக்குன தண்ணி" என்று தள்ளிவிடுவார்.

அந்த நேரம் பார்த்துத் திருமயத்துப் பக்கத்து நாச்சியப்ப செட்டியார் ஆலங்குடிக்கு எங்கள் வண்டியில் வந்தார். ரங்கூனில் குண்டு விழுவதற்கு முன்னால் கப்பலேறித் தப்பி வந்தவர். சர்க்கரை வியாதிக்காரர். வரும்போது வேறு எதைக் கொண்டுவந்தாரோ இல்லையோ, பெட்டி நிறைய இந்த சீசாக்களைக் கொண்டுவந்துவிட்டார். வண்டியின் மேலே ஏற்றியிருந்த அவருடைய ஊறுகாய் ஜாடிகளைப் பிச்சைமுத்து பச்சைப் பிள்ளையை இறக்குவதுபோல இறக்கிக் கொடுத்தார். செட்டியார் மனம் குளிர்ந்து ஒரு சீசாவை எடுத்து நீட்டினார்.

"சீனிக்குப் பதிலு. காப்பிக்கு ஒண்ணே ஒண்ணு போடு. மேல போட்டா கசக்கும், ஆமா."

செட்டியார் இறங்கிப் போனதும் பிச்சைமுத்து என்னிடம் சொன்னார்: "சிக்கனமான மனுசன்ணே. ஒண்ணு போதும்ங்கிறாரு."

காப்பியில் ஆரம்பித்தது. பிறகு மோரில் போட்டார். பழைய சோற்றில் போட்டார். வெற்றிலையில் சுண்ணாம்போடு தடவினார். பல்பொடியில் கலந்து பல் தேய்த்தார், அன்றைக்குப் பல் தேய்த்து முடிகிற வழியாக இல்லை, வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. மாத்திரை பையிலேயே நொறுங்கி மாவாகி விரலில் ஏறிக்கொண்டது. அந்த விரல்தான் டிக்கெட் கிழித்தது.

எனக்கு அந்தச் சாமான்மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. ஷெட்டில் ஒரு மாத்திரையை எறும்புச் சாரையின் நடுவே வைத்துக் காட்டினேன். எறும்புகள் வந்தன, முகர்ந்தன, சுற்றிக்கொண்டு போய்விட்டன.

"பாரு, எறும்பே சீண்ட மாட்டேங்குது. நீ திங்கிற."

"எறும்புக்கு என்னண்ணே தெரியும்? அது ரங்கூனு போயிருக்கா?"

வினை நண்டில் வந்தது. சொர்ணவல்லியின் அண்ணன் ராக்கன், ஜெகதாப்பட்டினத்திலிருந்து நல்ல சதைநண்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டு புதுக்கோட்டை மச்சுவாடியில் இருந்த தங்கை வீட்டுக்கு வந்தான். அந்தப் பெண்ணின் நண்டுக் குழம்பைப் பற்றி நான் எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. மிளகு அரைத்துவிட்டு இறக்கினால் தெருக்கோடியில் நாய் எழுந்து உட்காரும். சாப்பிட நானும் போயிருந்தேன். சொர்ணவல்லி கை கழுவக் கொல்லைக்குப் போன நேரத்தில், பிச்சைமுத்து குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து, பையிலிருந்து ஒரு சிட்டிகை சாக்கரின் மாவு எடுத்துப் போட்டுக் கலக்கிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மச்சானுக்கு விருந்து வைக்கிறாராம்.

ராக்கன் முதல் வாய் வைத்தான். மென்றான். பாதியில் நிறுத்தினான்.

"ஏத்தா, நண்டுல பாயசமா வச்ச?"

சொர்ணவல்லி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தது. புருஷன் முகத்தைப் பார்த்தது. அவரோ ஒரு நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே, "இப்பத்தான் புள்ள ஒங் கொழம்பு கொழம்பா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம். அன்று சாயங்காலமே சொர்ணவல்லி அண்ணனோடு ஆத்தாள் வீட்டுக்குப் போய்விட்டது.

ஆத்தாள் மூக்காயி வீடு, எங்கள் வண்டி போகிற வழியிலேயே, கீழப்பட்டி விலக்கில், வேலி ரோட்டைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன வீட்டு வாசலில் நின்று "போலாம் ரைட்" சொல்ல வேண்டிய கதி வேறு எந்தக் கண்டக்டருக்கு வந்திருக்கிறது?

மறுநாள் காலை விலக்கில் சொர்ணவல்லி நின்றது. பிச்சைமுத்து வண்டி நிற்பதற்குள் குதித்து மூட்டையை வாங்கக் கையை நீட்டினார். மூட்டை இல்லை, ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அந்தச் சட்டி அவரைத் தாண்டி என்னிடம் வந்தது.

"அண்ணே, இது ஒங்க கண்டக்டருக்கு. இதுல ஒரு சாமான் போடல. என்னன்னு தின்னு பாத்துட்டு சாயங்காலம் சொல்லட்டும். சரியாச் சொன்னா அப்பவே வண்டி ஏறுறேன். தப்பாச் சொன்னா நாளைக்கு வேற கொழம்பு வரும்."

"நேரா என்கிட்டத்தான் சொல்லேன் புள்ள" என்றார் பிச்சைமுத்து.

"நான் ஒங்ககிட்டத்தாண்ணே பேசுறேன். வேற யாரும் வாய் வைக்கக் கூடாது. நீங்கதான் சாட்சி."

கறம்பக்குடியில் சாப்பிட்டார். நான் கரி அள்ளப் போன நேரத்தில் தினமும் எங்கள் வண்டியில் வருகிற வெற்றிலை வியாபாரி ஆத்மநாதன் சட்டியில் விரல் விட்டு ருசி பார்த்துவிட்டார். அவருக்கு மனசு பொறுக்கவில்லை. திரும்பி வரும்போது, நெற்றி வியர்வையைத் தொட்டு நாக்கில் வைத்து வைத்து ஜாடை காட்டினார். உப்பு இல்லை என்று அர்த்தம். பிச்சைமுத்து பதறிப்போய், "என்னங்க, காய்ச்சலா? பின்னால காத்து வராது, முன்னால வந்து உக்காருங்க" என்று இடம் மாற்றிக் கொடுத்தார்.

விலக்கில் நின்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "பெருங்காயம்!"

சொர்ணவல்லி காலிச் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு ஷெட்டில் சீசாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "இனி இது ஒங்ககிட்ட இருக்கட்டும்ணே. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. அழுதாலும் குடுக்காதீங்க." என் ஸீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மறுநாளே கேட்டார். அதற்கு மறுநாள் அழுதார். காப்பியைக் குடித்துவிட்டு, "இது நம்ம அடுப்புக் கரியக் கரைச்சதுண்ணே" என்று கிளப்புக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். வெல்லம் கொடுத்தேன், மண் என்றார். வாழைப்பழம் கொடுத்தேன், பஞ்சு என்றார்.

பஞ்சு என்றதுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. காதில் கொஞ்ச நாளாகப் பஞ்சு வைத்திருந்தார். பெண்டாட்டியை மயக்க அத்தர் வைக்கிறார் போலிருக்கிறது என்று நானும் சிரித்துக்கொண்டேன். சீசாவை விட்ட பிறகும் விலக்கில் தோல்விமேல் தோல்வி. புளி இல்லாத நாளில் மிளகாய் என்றார். மிளகாயே இல்லாத நாளில் மஞ்சள் என்றார். வண்டி ஜனமெல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும், அவர் சொன்னதும் வண்டியே "ச்சூ" கொட்டும்.

ஆத்மநாதன்தான் கண்டுபிடித்தார். "டிரைவரே, இந்த ஆளு காதுப் பஞ்ச எடுத்து வாயில வச்சுச் சப்புறாரு! சப்பிட்டுத் திரும்பக் காதுல வைக்கிறாரு!"

வண்டியை நிறுத்தினேன். சீசாவின் வாயை அடைத்திருந்த பஞ்சு அது. சீசாவைக் கொடுத்த மனிதர் பஞ்சை வைத்துக்கொண்டார்.

"அட அசிங்கம் புடிச்சவனே" என்றேன். "ஒனக்கு வீட்டுல சோறு ஆக்க ஆளு வேணுமா, காதுக்குள்ள கடை வேணுமா?"

அவர் ஜன்னல் வழியாகக் கீழப்பட்டி இருக்கிற திக்கைப் பார்த்தார். "காலையில பக்கத்து வீட்டு அடுப்புச் சத்தம் கேக்குதுண்ணே. நம்ம வீட்டுல கேக்கல" என்றார். பிறகு கீழே இறங்கிப் பின்பக்கம் போய்க் கரி அடுப்பின் மூடியைத் திறந்து பஞ்சை உள்ளே போட்டார். "சீசாவையும் எடுங்கண்ணே" என்று கேட்டார். யோசித்துக்கொண்டே கொடுத்தேன். அதையும் அடுப்பில் கவிழ்த்தார். நாற்றம் தாங்கவில்லை. ஆனால் அன்றைக்கு வண்டி ஆலங்குடி மேட்டைத் தள்ளாமல் ஏறிவிட்டது. "பாத்தீங்களா, வண்டிக்கும் ருசி தெரியுது" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதன்பிறகு காலையும் மாலையும் அடுப்புச் சாம்பலைப் போட்டு விரலைத் தேய்த்தார். டிக்கெட்டில் கறுப்பாக ரேகை விழுந்தது. பிள்ளைகள் ஆசையாக நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பின. சட்டையைச் சலவைக்குப் போட்டார், பையைக் கிழித்துப் புதுப் பை தைத்தார். ஒருநாள் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற கிணற்றடியில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்ணே, இந்தக் கெணத்துத் தண்ணி உப்பா?"

"நான் பொறந்ததுலேருந்து உப்பு."

"எனக்கு இன்னைக்குத்தாண்ணே உப்பா இருக்கு!" என்று இன்னொரு கை அள்ளிக் குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் வந்த சட்டியில் நண்டுக் குழம்பு. கறம்பக்குடியில் இலையைப் போட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் சாப்பிட்டார். ஓட்டைக் கடித்தார், சாற்றை உள்ளங்கையில் விட்டு நக்கினார், கண்ணை மூடினார். எழுந்து கை கழுவிவிட்டு வந்தவர் முகத்தில் களை இல்லை. திரும்பும் வழியில் டிக்கெட்டை மட்டும் கிழித்துக்கொண்டிருந்தார். ஆத்மநாதன்கூட ஜாடை காட்டவில்லை. அவரும் திருட்டுத்தனமாக ருசி பார்த்திருந்தார், அவருக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

விலக்கில் சொர்ணவல்லியும், பக்கத்தில் மூக்காயியும் நின்றார்கள். வண்டி ஜனம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் வண்டியும் சாய்ந்தது.

"உப்பு இருக்கு" என்றார் பிச்சைமுத்து. "புளி இருக்கு. மெளகு இருக்கு. எல்லாச் சாமானும் இருக்கு."

"அப்ப என்ன இல்லயாம்?" சொர்ணவல்லி என்னைப் பார்த்துத்தான் கேட்டது.

"நீதான் புள்ள இல்ல. இது ஒங் கை இல்ல. ஒங்க ஆத்தா வச்சது."

மூக்காயிதான் முதலில் பேசினாள். "ஏன், எங் கைக்கு என்ன கொறச்சலாம் மாப்பிள்ளைக்கு?"

"ஒரு கொறையும் இல்ல அத்தே. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர் அவசரமாக. "ஆனா மெளக நீங்க வறுத்து அரைக்கிறீங்க. இவ பச்சையா அரைப்பா."

சொர்ணவல்லி வேலிக்குப் பின்னால் போயிற்று. திரும்பி வரும்போது இடுப்பில் மூட்டை இருந்தது. முடிச்சின்மேல் தூசி படிந்திருந்தது, எத்தனை நாளாகக் கட்டி வைத்திருந்ததோ. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது.

பிச்சைமுத்து கிட்டே போய் நின்றார். நாக்குக்குப் போன விரலைப் பாதி வழியில் நிறுத்திச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மச்சுவாடிக்கு ஒரு டிக்கெட் கிழித்து நீட்டினார்.

வாங்கிய டிக்கெட்டைச் சொர்ணவல்லி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தது. ஒரு பக்கம் பார்த்தது. திருப்பி மறுபக்கமும் பார்த்தது. பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு, என் பக்கம் திரும்பி, "போலாம் ரைட்" என்றது.