ஒரு மிஸ்டு கால் என்றால் வந்தாச்சு

ஸ்ரீரங்கனுக்கு உத்தியோகத்தில் ஏறுமுகம்தான், அபிராமபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த பிள்ளை. செல்ஃபோன் என்பது பணக்காரர்களின் இடுப்பில் செங்கல் மாதிரி தொங்கிய காலத்தில் அதை விற்கப் போனார். டை கட்டிக்கொண்டு பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்குவார். ஜவுளிக்கடை நல்லசிவம் அண்ணாச்சி மட்டும் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, "கூப்பிடுறவனுக்கும் காசு, எடுக்குறவனுக்கும் காசுன்னா எந்தக் கோட்டிக்காரன் தம்பி இதை வாங்குவான்?" என்று கேட்பார். அந்த அண்ணாச்சியே பிற்பாடு மூன்று ஃபோன் வைத்துக்கொண்டு அலைந்தது வேறு விஷயம்.

ஏரியா மேனேஜர், வைஸ் பிரசிடென்ட் என்று ஸ்ரீரங்கன் ஏறிக்கொண்டே போனார். வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். மகள் வர்ஷினி பிறந்தபோது கோயம்புத்தூரில் டவர் திறப்பு. அவளுக்குக் காது குத்தியபோது மும்பையில் மீட்டிங். மனைவி கோமளம் சண்டை போடுகிற ரகம் இல்லை, ஆனால் கெட்டிக்காரி. மனுஷர் ஃபோனை எடுக்கமாட்டார் என்று தெரிந்துபோனதும், எடுக்கவே வேண்டாத ஒரு வழியைக் கண்டுபிடித்தாள்.

"ஏன்னா, நான் வெளில போயிட்டு ஆத்துக்கு வந்தா ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். ஒண்ணுன்னா வந்தாச்சு. நீங்க எடுக்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். அடுத்தடுத்து ரெண்டு வந்தா மட்டும் கூப்பிடுங்கோ."

"செல்ஃபோன் கம்பெனிக்காரன் ஆம்படையாளே மிஸ்டு கால் குடுத்தா, நாங்க எங்கடி போய்ப் பிச்சை எடுக்கறது?"

"எடுங்கோளேன். அப்பவாவது நேரத்துக்கு ஆத்துக்கு வருவேள்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஆள் லேசுப்பட்டவரா? தரமணியில் ஒரு தனியார் வங்கி அவரை டிஜிட்டல் பிரிவுக்குத் தலைவராகக் கொத்திக்கொண்டு போனபோது, இதையே அங்கே கொண்டுபோய் இறக்கினார். வாடிக்கையாளர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், கணக்கு விவரம் எஸ்.எம்.எஸ்.ஸாக வந்து விழும். பூக்காரர், ஆட்டோக்காரர், ஊரூர் குப்பத்து மீன்காரப் பெண்கள் என்று ஊரே கொடுத்தது. அவருக்குக் கேடயம் என்ன, பத்திரிகையில் ஃபோட்டோ என்ன! யோசனை எப்படித் தோன்றியது என்று டிவியில் கேட்டதற்கு, "மார்க்கெட்டை உன்னிப்பா கவனிக்கணும்" என்றார். பெண்டாட்டி பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, பாருங்கள். கோமளம் அதைப் பார்த்துவிட்டு, "நன்னா கவனிச்சேள், மார்க்கெட்ட" என்றதோடு சரி.

பேசுவது அநேகமாக இலவசமாகிவிட்ட பிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கோயிலுக்குப் போனாலும் கச்சேரிக்குப் போனாலும் வீடு திரும்பியதும் அவருக்கு ஒன்று வரும். எந்த மீட்டிங்கில் இருந்தாலும் அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மனசு ஒரு நிலைக்கு வரும்.

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள். ரவிக்கைத் துணி எடுக்க தி.நகர் போகவேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஸ்ரீரங்கன் போர்டு மீட்டிங்கில் ஃபோனைச் சத்தமில்லாமல் செய்து மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். இடைவேளையில் திருப்பிப் பார்த்தார். கோமளத்திடமிருந்து ஒரு மிஸ்டு கால். வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டு காபியை எடுத்தார்.

சாயங்காலம் வாட்ச்மேன் தனபாலன் கூப்பிட்டான். "சார், அம்மா கதவத் தொறக்க மாட்றாங்க சார். வேலக்காரம்மா பெல் அட்ச்சிக்கினே கீது. சீக்கிரம் வா சார்."

அவர் ஓடிவந்து சாவி போட்டுத் திறந்தபோது கோமளம் கூடத்தில் கிடந்தாள். துணிப்பை நாற்காலியில் இருந்தது. மாரடைப்பு. "ஒரு நொடிதான் சார், வலியே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். எல்லாருக்கும் சொல்வதுதான். ஆனால் ஸ்ரீரங்கன் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். வந்தாள், வந்தாச்சு என்று சொன்னாள், போய்விட்டாள். உதவிக்குக் கூப்பிட்டிருந்தால் இரண்டு வந்திருக்குமே, வரவில்லையே! அந்த ஒரு அழைப்பு ஒரு மணியோடு நின்றதா, கடைசிவரை அடித்ததா என்று பழைய கம்பெனியில் ஒரு வார்த்தை கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தொழிலில் கரைகண்ட மனுஷர் அதை மட்டும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார், பாவம்? வேலையையும் விட்டுவிட்டார்.

கோமளத்தின் வருஷாப்திகத்துக்கு, அதுதான் முதல் வருஷத் திதிக்கு, வர்ஷினி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வாத்தியார்கள் கிளம்பி, சமையல்காரரும் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போனபின் அப்பாவும் பெண்ணும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் ஃபோனைப் போன வருஷம் காரியமெல்லாம் முடிந்தபோதே அவள்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு அம்மா எனக்கும் கூப்பிட்டிருக்கா. உங்களுக்குப் பண்ணின கையோட. நான் ஆபீஸ் வேலையா இருந்தேன், எடுக்கல. அப்புறமா பேசிக்கலாம்னு இருந்துட்டேம்பா."

ஸ்ரீரங்கனுக்குப் புரிந்துவிட்டது. கோமளம் பெண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்ததே கிடையாது. அவளைக் கூப்பிட்டால் எடுக்கிறவரை அடிக்கவிட்டு, மணிக்கணக்கில் பேசுவாள். இவர் எடுக்கவில்லை என்றதும் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். வந்தாச்சு என்று சொல்ல அல்ல, வாங்கோளேன் என்று சொல்லத்தான் இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"எனக்கு அவ மிஸ்டு கால் குடுக்கவே மாட்டாளேப்பா. நான் மட்டும் எடுத்திருந்தா..." வர்ஷினி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

ஐயோ, இந்தக் குழந்தை ஒரு வருஷமாகவா இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது! அவர் நகர்ந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"அடி அசடே! அது நான் சொல்லிக் குடுத்ததுடி. அன்னிக்குக் கார்த்தால கிளம்பறச்சே, இனிமே ஆத்துக்கு வந்தா வர்ஷினிக்கும் ஒரு மிஸ்டு கால் குடு, அவளும் கவலைப்படுவான்னேன். சரின்னா."

"நிஜமாவாப்பா?"

"ஒண்ணுன்னா வந்தாச்சுன்னுதானே அர்த்தம்? எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. அவ்வளவுதான். போய் முகத்த அலம்பிண்டு வா."

அவள் எழுந்து போகவில்லை. அவர் மடியில் முகம் புதைத்து, அழ வேண்டியதை எல்லாம் அழுது தீர்த்து, அப்படியே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் ஸ்ரீரங்கன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அன்று காலை அவர் கோமளத்திடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல்தான் கிளம்பியிருந்தார்.