தும்மல் பூ

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில், உப்புத் தண்ணீர்க் களப்பின் கரையோரம் ஓரிடத்தில் சிவப்புப் பூப் பூக்கும் கண்டல் மரங்கள் கூட்டமாக நிற்கும். பஸ்ஸில் பக்கத்தில் யார் இருந்தாலும் நான் அவற்றைக் காட்டாமல் விடுவதில்லை. அவை எல்லாம் நான் காய்க்க வைத்த மரத்தின் பிள்ளைகள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், குவைத்திலும் கொழும்பிலும் மாத்தளையிலும் கிடைத்த வேலையைச் செய்தவள், எங்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவள் என்று என்னைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்போது எனக்கு ஏழு வயது. நான் பிறக்கும் முன்பே, யுத்தத்தில், எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. நான் பிறந்தது இங்கே, கிடுகு வேய்ந்த குடிசையில். நான் நடக்கத் தொடங்கும் முன்பே வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனாள். உம்மாவின் நானா, அதாவது என் மாமா, எங்களோடு இருந்து களப்பில் இறால் பிடித்தார். வீட்டுக்குப் பின்னால் தண்ணீரின் விளிம்பில் ஒரு கண்டல் மரம் நின்றது. சிவப்புப் பூக் கண்டலில் அந்தக் கரையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் கரையெல்லாம் கண்டல் நடப்போகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் பெண்களைச் சேர்த்து நாற்றுமேடை போட்டது. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. இடமெல்லாம் ஊர்ப் பெண்களுக்கே போய்விட்டது. ஆள் எடுக்கும் கூட்டத்தில் உம்மா எழுந்து, சிவப்புப் பூக் கண்டலின் நாற்று எங்கள் மரத்திலிருந்து தருகிறேன், எனக்கும் ஓர் இடம் தாருங்கள் என்று கேட்டாள். முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஓர் ஊர் மாமி திரும்பிப் பார்த்தாள்.

“அகதிக்கு மரமும் இரிக்காமே.”

எல்லோரும் சிரித்தார்கள். உம்மா உட்காரவில்லை. “மழைக்கு முந்திக் கொண்டு வாறன் மாமி. இல்லாட்டி இந்த வாசலுக்கு வரமாட்டன்” என்றாள்.

இந்தக் கண்டலின் காய் மரத்திலேயே முளைத்துப் பச்சைக் குச்சி போலத் தொங்கும். அதுதான் நாற்று. ஆனால் அந்த மாதம் மரத்தில் இருந்தது பூ மட்டும்தான். அதுவும் கீழே நிறைய உதிர்ந்து கிடந்தது. மாமா இரண்டு நாள் காவல் இருந்து பார்த்துவிட்டு வந்து, கள்ளனைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். வளைந்த மூக்குள்ள தேன்சிட்டு ஒன்று பூப்பூவாகக் கொத்திக்கொண்டு திரிகிறதாம். வலைக்காரருக்கு எந்தக் கள்ளனுக்கும் ஒரே மருந்துதான். பழைய இறால் வலைகளைப் பொத்தி இணைத்து மரத்தையே மூடிவிட்டார். யாரும் கிட்டப் போகக்கூடாது என்று எனக்குக் கட்டளையும் போட்டார்.

நான் போனேன். முழங்கால் மடித்ததுபோல் சேற்றிலிருந்து எழும்பிய வேர்களுக்கு இடையில், வலைக்குக் கீழால் நுழைய என் உடம்புக்கு இடம் போதும். உள்ளே எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பருவமான பூவுக்குள் தென்னை ஈர்க்கை விட்டு அடியில் தொட்டால், அது சட்டென்று விரிந்து மஞ்சள் தூளைத் துப்பும். பூ தும்முகிறது என்பது என் எண்ணம். தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்ல வேண்டும், கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’ சொல்ல வேண்டும் என்று மத்ரஸாவில் படித்திருந்தேன். பூவுக்கு வாய் இல்லாததால் இரண்டையும் நானே சொன்னேன். தூள் படிந்த அதே ஈர்க்கோடு அடுத்த பூவுக்குப் போவேன். பின்னேரம் முழுவதும் அந்த மரத்துக்குச் சளிதான்.

ஒருநாள் மாமா வலைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார். அடி விழும் என்று காத்திருந்தேன். அவர் சத்தம் போடாமல் திரும்பிப் போய், பிள்ளை மரத்தடியில் திக்ர் செய்கிறாள், அல்லாஹ்வை நினைத்து ஓதிக்கொண்டிருக்கிறாள், யாரும் குழப்ப வேண்டாம் என்று உம்மாவிடம் சொன்னார். ஈர்க்கை அவர் காணவில்லை. நானும் காட்டவில்லை.

சில மாதங்களில் குச்சிகள் தொங்கத் தொடங்கின. உம்மா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு அண்ணாந்து பார்த்து, மேல் கொப்புகளில் ஒன்றுமே இல்லையே என்றாள். காயெல்லாம் என் கை எட்டும் உயரத்தோடு நின்றிருந்தது. மாமாவிடம் அதற்கும் விளக்கம் இருந்தது.

“ஓதினது சின்னப் புள்ள தானே தங்கச்சி. அதுட சத்தம் அவ்வளவுதான் எட்டும்.”

மழைக்கு முந்தி, உரப்பை நிறைய நாற்றோடு உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு நாற்றுமேடைக்குப் போனாள். அந்த மாமி ஒரு குச்சியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சையாக இருந்தது. “எண்ட மகள் ஓதிக் காய்ச்ச மரம் மாமி” என்றாள் உம்மா. மாமி வாங்கில் கொஞ்சம் நகர்ந்து, “இரி புள்ள” என்றாள். உம்மா அந்த இடத்தில் ஆறு வருஷம் இருந்தாள். அதற்குப் பிறகு வெங்காயத் தோட்டத்துப் பக்கம் அவள் போகவில்லை.

மாத்தளையில் ஒரு வனிலாத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, மேற்பார்வைக்காரர் கையில் ஒரு குச்சியைத் தந்து, பூவுக்குப் பூ தூளை ஒட்டச் சொன்னார். இந்தக் கொடியின் சொந்த நாட்டில், நின்ற இடத்திலேயே சிறகடித்துத் தேன் குடிக்கும் விரலளவு குருவிகள்கூட இந்த வேலையைச் செய்யுமாம், இங்கே அவை இல்லாததால்தான் நமக்குச் சம்பளம் என்றார். நான் குச்சியைப் பிடித்தபடி சிரித்துவிட்டேன். ஏழு வயதில் நான் சம்பளமில்லாமல் ஒரு தேன்சிட்டின் வேலையைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அன்று, உம்மா என்னை மெச்சிய இரவு, எனக்கு நித்திரை வரவில்லை. விளையாடியதைத் திக்ர் என்று நம்ப விட்டது பெரிய பாவமாகப் பட்டது. காலையில் எழுந்து ஈர்க்கை முறித்துக் களப்பில் போட்டேன். இனிமேல் மெய்யாகவே ஓதுவேன் என்று அல்லாஹ்விடம் வாக்குக் கொடுத்தேன். அடுத்த முறை மரம் பூத்தது. வலை அப்படியே இருந்தது. நான் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்து, முக்காடு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பூவையும் தொடாமல் ஒவ்வொரு பின்னேரமும் மனமார ஓதினேன். ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. போன வருஷத்துப் பொய்யை அல்லாஹ் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாக ஓதினேன்.