ஜாய்ஸ் அனுமதிக்க வேண்டும்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்களைப் பார்த்து நானே சிரித்தவன்தான். ஆனால் மணி, நிமிடம் எல்லாம் என் லேப்டாப்பில் பதிவாகி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் முத்துக்கருப்பன். ஊர் சின்னமனூர். பெங்களூரில் வேலை போனபிறகு தேனியில் இந்த வேலை கிடைத்தது. அல்லிநகரத்தில் உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். தசை பலவீனமாகி நடக்க முடியாமல் போகும் குழந்தைகளின் எச்சிலைச் சின்னக் குழாயில் எடுத்து, லேபில் அவர்களுடைய மரபணுவைப் படிக்கிறார்கள். அந்த விவரத்தை வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழுவோடு பகிர்வது எங்கள் வேலை. எங்கள் என்றால் நான் ஒருவன்தான். டாக்டர் மதுரையில் இருப்பார். மாதம் ஒரு முறை வந்து, டீ குடித்துவிட்டுப் போவார்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜாய்ஸ். ஜூலை மாதம் போடி ரோட்டில் வண்டி சறுக்கி இறந்துபோனார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருடைய கையெழுத்துதான் பழக்கம். பீரோவில், குழாய்களில், ஃபைல்களில் எல்லாம் குண்டு குண்டாக அந்த எழுத்து இருக்கும். சில நாள் நான் வாய் திறப்பதே டீக்கடையில் ஒரு டீ கேட்கத்தான். மீதி நேரம் அந்தக் கையெழுத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். "எங்கங்க வச்சீங்க அந்த ஃபைலை?" என்று சத்தமாகவே கேட்பேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தனிமை.

போன வருடம் நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை. கீழே உரக்கடை பூட்டி இருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்குள் ஒரு குழந்தையின் விவரத்தை அனுப்பியாக வேண்டும். பொட்டிப்புரம் பக்கத்துப் பிள்ளை. ஏட்டில் ஜக்கம்மா, வயது ஆறு. புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கும் பட்டியலில் அவளைச் சேர்க்க அதுதான் கடைசி நாள். அடுத்த பட்டியலுக்கு ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம் அவளுக்கு இருக்குமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

அனுப்புவதற்கு ஒரு கருவி உண்டு. பட்டன், படம் எதுவும் இருக்காது. டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். இன்ஸ்டால் செய்யவே மூன்று முறை மல்லுக்கட்டினேன். 5:31-க்கு ஒரு வழியாக ஏறியது.

அடுத்தது லாகின். என் ஐ.டி.யை அடித்து, அனுப்பவேண்டிய ஃபைலையும் குறிப்பிட்டேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"குழுவின் பொறுப்பாளர் அனுமதிக்க வேண்டும். பொறுப்பாளர்: ஜாய்ஸ். அவருடைய போனுக்குக் கோரிக்கை அனுப்பப்பட்டது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொறுப்பை என் பெயருக்கு மாற்றச் சொல்லி நான்கு மாதமாகக் கடிதம் போகிறது. ஒருத்தரும் மாற்றவில்லை. ரகசிய விவரம் என்பதால் விதி வேறு கறார். பொறுப்பாளர் தன் போனில் தன் விரலை வைத்தால்தான் அனுமதி. மூன்று முறை மறுப்பு வந்தால் ஒரு நாள் முழுக்கக் கதவு அடைத்துவிடும். டாக்டரைக் கூப்பிட்டேன். ஏதோ கல்யாணத்தில் இருந்தார் போல, எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ட்ர்ர்ர்… ட்ர்ர்ர்…

மரத்தின் மேல் போன் அதிரும் சத்தம். ஜாய்ஸின் மேஜை இழுப்பறையில் இருந்து வந்தது. அட, போன் ஆபீஸிலேயே இருக்கிறதா என்று சந்தோஷமாக இழுத்துத் திறந்தேன்.

ஒரு தலைவலித் தைல டப்பி. ஒட்டாத லேபிள் ஒரு சுருள். போன் இல்லை.

சத்தம் நின்றது. திரையைப் பார்த்தேன்.

5:52. "மறுக்கப்பட்டது."

யாரும் கவனிக்காவிட்டால் கோரிக்கை தானாகக் காலாவதி ஆகும். அதற்கு வரும் வரி வேறு. இது மறுப்பு. மறுக்க ஒரு ஆள் வேண்டும். அவர் வீட்டில் யாரோ போனை வைத்துக்கொண்டு தெரியாமல் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். விரல் எப்படி என்பதை யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

மறுபடி அனுப்பினேன்.

ட்ர்ர்ர்… ட்ர்ர்ர்…

6:09. "மறுக்கப்பட்டது." கீழே ஒரு குறிப்பு. மறுக்கிறவர் விரும்பினால் காரணம் எழுதலாம். அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து எப்போதும் கட்டம் கட்டமாக உடைந்துதான் தெரியும். இது தெளிவாக இருந்தது.

"18 எங்கே?"

முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஏனென்றால் பதினெட்டை அழித்தவன் நான்.

அதைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் பட்டியலைச் சுத்தம் செய்தேன். 17, சு. ஜக்கம்மா, வயது ஆறு. 18, சு. ஜக்கம்மா, வயது ஆறு. ஒரே ஊர், ஒரே தெரு. பாவம், ஜாய்ஸ் ஒரே பிள்ளையை இரண்டு முறை பதிந்துவிட்டார் என்று 17-ஐ வைத்துக்கொண்டு 18-ஐத் தூக்கி லேப்டாப் குப்பையில் போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பீரோவைத் திறந்தேன்.  குழந்தையின் தாய் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்தேன்.

பக்கம் 17. தகப்பன் சுருளிவேல். தாய் சண்முகத்தாய்.

பக்கம் 18. தகப்பன் சுருளிராஜன். தாய் மாரீஸ்வரி. தேதி ஜூலை 11.

ஜாய்ஸ் இறந்த தேதி அது. அன்று அவர் எடுத்த கடைசிக் குழாய்.

மாரீஸ்வரியின் நம்பர் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. கூப்பிட்டேன். 6:31. உங்கள் பிள்ளையும் சண்முகத்தாயின் பிள்ளையும் ஒன்றா, இரண்டா என்று கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது.

"ரெண்டு புள்ளைக சார். அது எங்க கொழுந்தன் மக. நல்லா ஓடியாடித் திரியும், ஒத்துப் பாக்கணும்னு அதுக்கும் எச்சி எடுத்தாக. நடக்கமாட்டாதது எம்புள்ளதான். குலசாமி பேருங்கதுனால ஏட்டுல ரெண்டுக்கும் ஜக்கம்மா. வீட்டுல எம்புள்ளய அனுசுயான்னு கூப்பிடுவோம்."

மூத்த பெண் பிள்ளைக்குக் குலசாமி பெயர். பங்காளி வீட்டிலும் அதே பெயர். எனக்கா இது தெரியாது? என் பெரியப்பா மகனும் முத்துக்கருப்பன்தான். அப்படிப்பட்டவன், நோயில்லாத பிள்ளையின் விவரத்தை அனுப்ப இருந்தேன். அங்கே பார்ப்பவர்கள் நோயே இல்லை என்று தள்ளியிருப்பார்கள், அனுசுயாவுக்கு இடம் போயிருக்கும்.

நன்றி சொல்லி வைக்கப் போனேன். மாரீஸ்வரி நிறுத்தினாள்.

"இதைத்தான சார் அந்தக்காவும் இப்பச் சொன்னாக."

"எந்த அக்கா?"

"ஜாய்ஸ் அக்கா. எச்சி எடுக்க இங்கன வந்தாகள்ல, அவுகதான். சாரு கூப்பிட்டா ரெண்டு புள்ளைகன்னு வெவரமாச் சொல்லுன்னாக. ஒரே இரைச்சலா இருந்துச்சு. அனுசுயாவுக்கு மூச்சு எப்படி இருக்குன்னும் கேட்டாக."

"எப்ப?"

"பத்து நிமிசம் இருக்கும்."

ஜாய்ஸ் இறந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. 

ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. கீழே இறங்கினால் ரோடு, வெளிச்சம், ஆட்கள். ஆனால் மணி 6:38. நான் எழுந்து போனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். உட்கார்ந்தேன். அழித்த ஃபைலைக் குப்பையில் இருந்து தேடி எடுத்தேன். பதினெட்டு.

மூன்றாவது முறை. கடைசி முறை.

6:50-க்கு அனுப்பினேன்.

சத்தம் வரவில்லை.

6:52.

6:53. மழை நின்றிருந்தது.

6:54. எனக்குப் பின்னால் யாரோ குனிந்து திரையைப் படிப்பது போல… தைல வாசனை. டப்பி மூடித்தான் இருந்தது.

நான் திரும்பவில்லை.

"பதினெட்டுதாங்க," என்றேன். 

ட்ர்ர்ர்…

ஒரே ஒரு முறை.

6:56. "அனுமதிக்கப்பட்டது."

கீழே ஒரு குறிப்பு. "இனி நீங்க பாத்துக்கங்க."

6:58-க்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது. எப்படிக் கதவைப் பூட்டினேன், எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. விளக்கை அணைக்காமல் படுத்தேன். பயம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நான்கு மாதத்தில் அன்றுதான் அந்த அறையில் என்னோடு ஒருவர் வேலை பார்த்தார்.

மறுநாள் பதில் வந்தது. ஜக்கம்மா, தகப்பன் சுருளிராஜன், பட்டியலில் சேர்க்கப்பட்டாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. யார் மாற்றியது என்று கேட்டு எழுதினேன். மாற்றியவர் ஜாய்ஸ், ஞாயிறு 6:57 என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை தேனி பஜாருக்குப் போனேன். அங்கே ஜாய்ஸின் அப்பா ஞானசிகாமணி இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஆபீஸ் விஷயம் என்று மட்டும் சொல்லி, ஜாய்ஸின் போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் தராசில் இருந்த ஆணிகளை இறக்கி வைத்தார்.

"அவ பெட்டிக்குள்ளயே வச்சு அடக்கம் பண்ணிட்டோம் தம்பி. எந்நேரமும் புள்ளைகளப் பெத்தவுக கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. அது இல்லாம அவளுக்கு இருப்புக் கொள்ளாதுன்னு அவ அம்மா அழுதா. அணைச்சுத்தான் வச்சோம். சிம்மு இந்தா இருக்கு."

பர்ஸில் இருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். சிம் இருந்தது.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"எங்கன வச்சீக?"

"வலது கையில," என்றார். "விரலு மடங்க மாட்டேன்னுருச்சு. நாந்தான் கட்டைவிரலப் பிடிச்சு போன் மேல வச்சு விட்டேன்."