அஞ்சு எண் படிக்க ஒரு போன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரி, பஸ் பிரேக்கில் மாட்டுகிற 'பின்' என்கிற இரும்பு ஆணி செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் கிருபாகரனுக்கு வேலை. லேசுப்பட்ட வேலை இல்லை, கடைசிப் பரிசோதனை. அவர் பார்த்து ஓ.கே. முத்திரை குத்தினால்தான் பெட்டி வண்டியில் ஏறும். பத்தொன்பது வயசில் கூட்டிப் பெருக்க வந்தவர், இப்போது ஐம்பத்து மூன்று. மைக்ரான் கிருபா என்றுதான் அங்கே பேர். தலைமுடி அளவு வித்தியாசத்தை வெறுங்கண்ணாலேயே பிடித்துவிடுவார் என்று புதுசாக வருகிறவர்களிடம் அளந்து விடுவார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ரெண்டு மாசமாக இன்னொரு பேரும் சேர்ந்துகொண்டது. போன் பைத்தியம்.

பின்னே, எப்போது பார்த்தாலும் மேசைக்கு அந்தப்பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு போனும் கையுமாக நின்றால் வேறு என்ன சொல்வார்கள்? சூப்பர்வைசர் இருதயராஜ் இவரைவிடப் பதினைந்து வயசு சின்னவர். மரியாதைக்காரர்தான், ஆனாலும் ரெண்டு தடவை கூப்பிட்டே சொல்லிவிட்டார். "இன்னாண்ணே, இந்த வயசுல ரீல்ஸ் பாத்துகினு கீறீங்க. மேல இருக்கறவங்க கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

கிருபாகரன் அசடு வழியச் சிரித்து வைத்தார். திட்டு வாங்கினதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ரீல்ஸ் பார்க்கிறான் என்றே நினைத்துக்கொள்ளட்டும், தாராளமாக நினைக்கட்டும்.

ரீல்ஸாவது மண்ணாவது. அவர் போனில் பார்த்ததெல்லாம் பின்னைத்தான். ஒவ்வொரு பின்னின் தலையிலும் அஞ்சு எண் குத்தியிருக்கும், பாதி அரிசி உயரத்தில். எந்த ஈட்டில் வந்த இரும்பு, அவர்கள் பாஷையில் எந்த லாட், எப்போது சூளையில் காய்ச்சிப் பதம் போட்டது என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. முப்பது வருஷமாக நடந்துகொண்டே படித்த எண் அது. இப்போது கண்ணுக்குச் சிக்கவில்லை. போன் கேமராவில் பெரிசாக்கி, வெளிச்சத்தில் அப்படி இப்படித் திருப்பி, குத்துமதிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வலது கண்ணின் நடுவில் புகை மாதிரி ஒன்று வந்து நின்றுவிட்டது. இடது கண்ணிலும் அது எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. கடையில் கண்ணாடி மாற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. எட்டு வருஷமாகச் சர்க்கரை வேறு. திருநின்றவூரில் இருக்கிற அவர் அண்ணன் மதுரைவீரனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இன்றைக்கு அந்த மனுஷன் சாப்பாட்டுத் தட்டைத் தடவிக் குழம்பு எங்கே என்று கேட்கிறார். "ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்" என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டவரே கிருபாகரன்தான்.

கேட்டவன் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. அதுதான் பயம் செய்கிற வேலை. போனால் நோயின் பேரைச் சொல்லிவிடுவார்கள். போகாத வரைக்கும் அது வெறும் புகை.

இன்னொரு பயமும் இருந்தது. இவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த ஜெகதீஷுக்குக் கண் மங்கினதும், வாசல் கேட்டில் காவலுக்கு ஆறு மாசம் உட்கார வைத்தார்கள். அப்புறம் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். கிருபாகரனுடைய பெண் ஸ்வாதி நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள், இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. அதனால் போன மாசம் கம்பெனியில் கண் பரிசோதனை வைத்தபோது, வரிசையில் கடைசியாகப் போய் நின்றார். முன்னால் ஏழு பேர் சுவரில் இருந்த எழுத்துகளைச் சத்தமாகப் படித்தார்கள். கேட்டே மனப்பாடம் பண்ணிக்கொண்டார். தன் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்தார். அவருடையதுதான் நல்ல கண் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து வேப்பம்பட்டு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போன் விமர்சன வீடியோதான். ஒண்ணே கால் லட்ச ரூபாய்க்கு ஒரு போன் வந்திருக்கிறது, அதை ஆளாளுக்குப் பிரித்து மேய்கிறார்கள். விளையாடினால் சூடாகிறதா, மூஞ்சி பளபளவென்று வருகிறதா, போன வருஷத்துப் போனை வைத்திருக்கிறவன் மாற்றலாமா வேண்டாமா. கிருபாகரனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதை ஒருத்தனும் சொல்லித் தொலைக்கவில்லை. பொறுக்கமுடியாமல் கீழே ஒரு கேள்வி எழுதிப் போட்டார்: இரும்பில் குத்தின சின்ன எண் தெளிவாகத் தெரியுமா? யாரோ ஒரு புண்ணியவான் பதில் போட்டான், "அங்கிள், மொதல்ல கண்ணு டாக்டரைப் பாருங்க" என்று, பக்கத்தில் நாலு சிரிப்புப் பொம்மையோடு. கிருபாகரனுக்கு வேர்த்துவிட்டது. ஊர் பேர் தெரியாதவன் எப்படிக் கண்டுபிடித்தான்? அவசர அவசரமாகக் கேள்வியை அழித்தார்.

"ஒண்ணே கால் லட்சத்துக்குப் போனா?" என்றாள் மனைவி ரேணுகா. "யாரைப் போட்டோ புடிக்கப் போறீங்க? பொண்ணுக்கு பீஸ் கட்டணும், ஞாபகம் கீதா இல்லியா?"

பீஸ் கட்டத்தான் போனே வேண்டும் என்று எப்படிச் சொல்வது? "ஆபீஸ் வேலைக்கு" என்று முனகினார். அவள் நம்பவில்லை. அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை வந்தது வினை. பதம் போடுகிற இடத்திலிருந்து ரெண்டு லாட் கலந்து வந்துவிட்டது. 47168 நல்ல லாட். 47163 சரியாகப் பதம் ஏறாதது. அந்தப் பின்னைப் போட்டால் பாரம் ஏற்றிய வண்டி பிரேக் அடிக்கையில் முறிந்துவிடும். மொத்தம் ஆறு தட்டு, ஒரு தட்டில் ஒரே லாட்தான். "தட்டுக்கு ஒரு பின்னு எடுத்து கடைசி நம்பரைப் பாருண்ணே" என்றார் இருதயராஜ். "எட்டுன்னா போலாம், மூணுன்னா செவப்புப் பொட்டி. உங்க கண்ணுக்கு இது ஒரு வேலையா?"

முதுகைத் திருப்பிக்கொண்டு போனில் பார்த்தார். ரெண்டு தட்டு மூணு மாதிரி இருந்தது. நாலு தட்டு எட்டு மாதிரி இருந்தது. மாதிரிதான். நாலுக்கும் முத்திரை குத்தினார். குத்தும்போதே முடிவு பண்ணிவிட்டார்: இனி இந்த விளையாட்டு வேண்டாம், இன்றைக்கே அந்தப் போனை வாங்கிவிடுவது. ஆனால் காசைக் கொட்டுகிறதுக்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டாமா? முத்திரை குத்தின தட்டிலிருந்து ஒரு பின்னை எடுத்து டிபன் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு திருகாணி வெளியே கொண்டுபோனதில்லை. கேட்டில் செக்யூரிட்டி பையைத் தடவினபோது, டப்பாவுக்குள் உருண்ட சத்தம் ஊருக்கே கேட்ட மாதிரி இருந்தது. "இன்னா மைக்ரான் அண்ணாத்தே, கெளம்பியாச்சா?" என்று சிரித்து விட்டுவிட்டான்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற போன் கடைக்குள் நுழைந்தபோது மணி அஞ்சேகால். ரூஹி என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பூந்தமல்லிப் பெண் ஒருத்தி வந்தாள். வாயைத் திறந்தால் மூடாத பெண். சிப்பு, சார்ஜர், தண்ணியில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அடுக்கிக்கொண்டே போனாள். கிருபாகரன் பின்னை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"இதுல கீற நம்பர் தெரியுதான்னு மட்டும் காட்டும்மா. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

அவள் போனைக் கிட்டே கொண்டுபோனாள். திரையில் முதலில் புகைதான். ஒரு இமைப்பொழுது. அப்புறம் நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு, எட்டு. விரல் நீளத்துக்கு, கறுப்பு மையில் எழுதி வைத்த மாதிரி. கிருபாகரன் ரெண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் ஒரு எண்ணை முழுசாகப் பார்க்கிறார். சாயங்காலம் குத்தின முத்திரையும் சரிதான். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"இதையே குடும்மா. தவணையில போட்டுடு" என்று ஆதார், பான் கார்டு எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார்.

படிவம் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் சும்மா இருக்காமல் அந்தப் பின்னை விரலில் உருட்டினாள். "இன்னா சார் இது, நாலு ஏழு ஒண்ணு ஆறு மூணு. எதுனா லாக்கர் நம்பரா?"

"எட்டும்மா."

"மூணு சார்."

"போன்ல எட்டுன்னு காட்டுச்சே."

அவள் மறுபடி போனை வைத்துப் பார்த்தாள். எட்டு. பின்னைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "அதுவா சார், ஏ.ஐ. தெளிவா இல்லாத எடத்த அதுவே ரொப்பிக்கும். மூஞ்சிக்கெல்லாம் சூப்பரா இருக்கும் சார். ஆனா இது மூணுதான்." பக்கத்துக் கவுன்டர் ஆளையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவனும் மூணு என்றான்.

கிருபாகரன் பின்னைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பின் எங்கிருந்து எடுத்தது? அவர் எட்டு என்று முத்திரை குத்தின தட்டிலிருந்து. ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். மணி அஞ்சு ஐம்பது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பொய் சொல்வானேன். ஸ்வாதி ஞாபகம் வந்தது, கேட்டில் உட்கார்ந்திருந்த ஜெகதீஷ் ஞாபகம் வந்தது. அப்புறம் மேட்டிலிருந்து இறங்குகிற ஒரு பஸ்ஸும், அதில் ஜன்னலோரம் இருக்கிற ஆட்களும் ஞாபகம் வந்தார்கள். தன் பழைய போனை எடுத்து இருதயராஜைக் கூப்பிட்டார்.

"சார், அந்த நாலு தட்டை நிறுத்துங்க. ஒரு சந்தேகம் கீது."

"இன்னா சந்தேகம்ணே? நீங்க பாத்துத்தானே குத்துனீங்க?"

"இல்ல, நாளைக்கு ஒரு தடவ பாத்துட்டு..."

"மைக்ரான் கிருபா பாத்தா தப்பாவுமா? ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. வண்டி கேட்டாண்ட போயிடுச்சு. காரணம் இல்லாம நிறுத்துனா என் தலைதான் உருளும்."

முப்பத்து நாலு வருஷமாகச் சேர்த்த பேர், இப்போது அவரையே நம்பவிடாமல் குறுக்கே நின்றது. ரூஹி படிவத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியல சார்" என்றார். "சாயங்காலம் நான் குத்தினது கணக்கு இல்ல. எண்ணு எதுவும் எனக்குத் தெரியல. அதுல பதம் ஏறாதது கீது. வண்டியை நிறுத்துங்க."

அந்தப்பக்கம் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். என்ஜின் அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இருதயராஜ் மூச்சு வாங்க வந்து போனை எடுத்தார்.

"நிறுத்திட்டேன்" என்றார். அப்புறம், "எத்தினி நாளாண்ணே இப்படி?"

"ரெண்டு மாசமா."

இருதயராஜின் குரல் ரொம்பத் தணிந்துவிட்டது.

"ரெண்டு மாசமா நீங்க குத்தி அனுப்பினது எல்லாம் இப்ப எந்தெந்த வண்டில ஓடுதுண்ணே?"