அம்மாவின் வசனம்

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது முன்வரிசையில் ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். எங்கள் சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி. எனக்கு இரக்கம் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. திரையில் எரிந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்காக அழுத அந்த மனிதர்தான், கலவரத்தின்போது எங்கள் லயத்தை எரிக்க வந்தவர்களுக்கு வழி காட்டியவர்.

அப்போது அவர் மீசை முளைக்கிற வயதுக்காரர். சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு லயத்துக்கு லயம் பாண் ரொட்டி விற்றவர். எங்கள் லயத்தில் சிங்களக் குடும்பங்களும் இருந்தன. எந்தக் காம்பரா, எந்த அறை தமிழனுடையது என்று வெளியூர்க் கும்பலுக்குத் தெரியாது, பாண்காரருக்குத் தெரியும். சந்தியில் கூடிய கூட்டத்தின் முன்னால் நின்று கையை நீட்டி, எதிரே தெரிந்த காம்பராக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். அம்மா என்னை இடுப்பில் வைத்து, என் வாயைப் பொத்திக்கொண்டு, மேலே ரப்பர் மரங்களுக்குள் நின்று அதைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அம்மா அந்தச் சந்தியை மிதித்ததில்லை. ருவான்வெல்லைக்குப் போவதென்றால் ரப்பர் மலை வழியாக ஏறி இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, கீழ் ரோட்டில் பஸ் பிடிப்பாள். ரப்பர் பால் வெட்டி முழங்கால் தேய்ந்த பிறகும் அதே வழிதான்.

முதலாளியோ மாறிவிட்டாராம். ஊரே சொல்கிறது. கோயில் திருவிழாவுக்கு மின்விளக்கு அவர் செலவு, அன்னதானத்துக்கு அரிசி அவர் செலவு. அதனால் சப்பறம் அவர் கடை வாசலில் நிற்கும். கோயில் தலைவர் மாலை போட்டு, தேங்காய் பழம் வெற்றிலை வைத்த தட்டைக் கையில் கொடுப்பார். காளாஞ்சி என்போம். ஒரு காலத்தில் துரைக்கும் பெரிய கங்காணிக்கும் மட்டும் கிடைத்த மரியாதை அது. சப்பறத்தோடு வரும் அம்மா சந்திக்கு முன்னாலுள்ள மதகில் நின்று, வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தார்கள்.

படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "துவே, மகளே, மனசு பத்துது" என்று தமிழில் சொன்னார். கையை உருவிக்கொண்டேன்.

"படத்துக்கு அழுதது போதும், முதலாளி. எங்கம்மா உசிரோடதான் இருக்காங்க. லயத்துலதான் இருக்காங்க."

மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழிதான் என்னைப் படத்துக்கு இழுத்துப் போனவள். வழியெல்லாம் அவள் என்னவென்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அம்மாவுக்குக் கதை சொன்னேன். தமிழனை வெறுத்த ஒருவன் லயத்துக்குத் தீ வைக்கிறான், வயதான பிறகு மனம் வெந்து திரும்பி வருகிறான். கடைசியில் கொட்டும் மழையில் ஒரு தமிழ் அம்மாவின் காலில் விழுகிறான். அந்த அம்மா அவனைத் தூக்கிக் கட்டிப்பிடிக்கிறாள். தியேட்டரே கை தட்டியது.

"அந்தப் பொம்பள என்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலம்மா. அழுதுச்சு."

"அம்புட்டுத்தானா? வசனமே குடுக்கலயா அதுக்கு?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் முதலாளி வந்தார். பிஸ்கட் பெட்டியும் ஆப்பிளும் கையில். எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தார். எனக்கு அன்று லீவு. வாசலில் நின்று, "அக்கே, சமாவென்ன" என்று கை கூப்பினார். மன்னிப்புக் கேட்கிறார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அதை நான் மறுக்க மாட்டேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. சிங்களத்தில் அவரைவிடத் தெளிவாகப் பேசினாள்.

"அன்னைக்கு எங்க வீட்ட எத்தன பேரு பாக்கக் காட்டிக் குடுத்தீங்க? இன்னைக்கு ஒத்தையா வந்து, ஆளில்லாத நேரத்துல சொல்றீங்க. சந்தியில காட்டுன கை, சந்தியிலதான் கும்புடணும். பெட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவைப் பார்க்க எனக்குத் தலை நிமிர்ந்தது.

விஷயம் எப்படியோ கோயில் தலைவர் காதுக்குப் போய்விட்டது. ஓடி வந்தார்.

"ஏம்மா, திருவிழா வர்ற நேரத்துல பழச ஏன் கெளறுறீங்க? அவரு திருந்திட்டாருங்க. நாம இங்க இருக்கிறது கொஞ்சப் பேரு. பொழைக்க வேணாமா?"

"திருந்துனவரு வாயத் தொறந்து சொல்லட்டுமேங்க" என்றேன். "நாங்க என்னா, அவரு கடைய எரிக்கவா சொன்னோம்?"

இந்தக் கொஞ்சப் பேர் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கொஞ்சப் பேர் என்றால் வலியும் கொஞ்சமாகவா இருக்கும்? அடித்தவர்கள் திருந்திய கதைக்கெல்லாம் டிக்கெட் வாங்கி அழுகிறார்கள். அடி வாங்கியவள் கட்டிப்பிடிக்க மட்டும் வர வேண்டும்.

திருவிழா அன்று பிற்பகல் சப்பறம் புறப்பட்டது. மதகு வந்தது. அம்மா நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மேளக்காரர்கூட ஒரு கணம் அடியைத் தவறவிட்டார்.

கடை வாசலில் முதலாளி வெள்ளைச் சாரம் உடுத்தி நின்றார். கல்லாவில் அவருடைய மகன்கள் இருவரும். சாமான் வாங்க வந்தவர்கள், த்ரீவீலர்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று சந்தி நிறைய ஆட்கள். தலைவர் அவசர அவசரமாக மாலையை எடுத்தார். அம்மா முதலாளிக்கு நேரே போய் நின்றாள்.

முதலாளி மாலையைக் கையால் தடுத்தார். தலைவர் நீட்டிய தட்டையும் வாங்கவில்லை. மகன்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சிங்களத்தில், சந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அன்னைக்கு இந்த லயத்த காட்டிக் குடுத்தது நான். இந்த அக்காவோட வீட்ட, நானே கை நீட்டிக் காட்டினேன்."

சந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். பெரிய மகன் தலையைக் குனிந்துகொண்டான். சின்னவன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர்களுக்கு அதுவரை தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கட்டிப்பிடிப்பதற்காகக் காத்திருந்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அம்மா முதலில் சிங்களத்தில் சொன்னாள், பிறகு நம் ஆட்களுக்காகத் தமிழில்.

"கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. மன்னிக்கிறத பத்தி நான் இன்னும் யோசிக்கல. யோசிச்சா நானே வந்து சொல்றேன்."

தலைவர் தட்டை வைத்துக்கொண்டு விழித்தார். அம்மா சப்பறம் தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பினாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சாமியத் தூக்குங்கப்பா, ரோட்டு வழியா போவோம்."